பந்துத் தலையைப் பிரித்துச் சீர்செய்ததும் அடுத்ததைத் தேர்ந்தெடுத்ததும்

கேமராவை முக்காலியின் மேல் பிடித்து வேண்டிய பக்கம் திருப்ப உதவும் முக்காலித் தலையை வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சுமைத் திறனைத்தான். 8 கிலோ, 15 கிலோ, 25 கிலோ என்று அந்த எண்கள் விலையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். அவற்றை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு எல்லா உற்பத்தியாளர்களும் கடைப்பிடிக்கும் பொது விதி கிடையாது என்பதால், ஒருவர் சொல்லும் 10 கிலோவும் இன்னொருவர் சொல்லும் 10 கிலோவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கோ அந்த எண்ணில் பதிலே இல்லை. என்னிடமிருந்த 36 மி.மீ. பந்துத் தலை, அதாவது கடையில் பால்ஹெட் என்று கேட்டால் எடுத்துத் தரும் வகை, 12 கிலோ தாங்கும் என்ற முத்திரையோடு வந்தது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையுள்ள கேமராவையும் லென்ஸையும்கூடப் பிடித்து நிறுத்த முடியாத நிலைக்கு அது வந்துவிட்ட பிறகு, தூக்கிப் போடுவதற்கு முன் முழுவதுமாகப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரியும். எதைப் பார்த்து வாங்குவது என்பதைப் பழையதன் வயிற்றுக்குள் இருந்து தெரிந்துகொள்ளலாம் என்பதே எண்ணம்.

இந்தத் தலை கோவையிலிருந்து போய்வந்த இடங்களைச் சொன்னால் அதன் நிலைமை ஓரளவு விளங்கும். தனுஷ்கோடியில் இருபுறமும் கடல். காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். கோடியக்கரையில் பூநாரைகளுக்காக நிற்கும் சதுப்பு முழுவதும் உப்பு. வால்பாறையில் மழை. மணல், உப்பு, ஈரம் ஆகிய மூன்றும் முக்காலித் தலையைத் தனித்தனி வழிகளில் கெடுக்கின்றன என்பதை உள்ளே பார்த்தபோது அடையாளம் காண முடிந்தது.

பிரிக்கும் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பந்துத் தலைகளுக்கு இது பொருந்தும். பந்தின் குறுக்களவைவிட உடலின் மேல்வாய் சிறியது. ஆகவே பந்து மேலே வராது, அடிவழியாகத்தான் இறங்கும். பந்தோடு சேர்ந்த தண்டின் உச்சியில் கேமரா பிளேட்டைப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறது. அது மேல்வாயைவிட அகலமானது என்பதால், அதைக் கழற்றாமல் பந்தை இறக்க முடியாது. கிளாம்பின் நடுவில் உள்ள எம்6 திருகை, அதாவது 6 மி.மீ. குறுக்களவுள்ள திருகை, 4 மி.மீ. அலென் சாவி எனும் அறுகோணச் சாவியால் திறந்தேன். பிறகு தலையைக் கவிழ்த்து, முக்காலியில் ஏறும் அடித்தட்டின் நடுத்திருகைக் கழற்றினால் கிடைமட்டமாகச் சுழலும் பகுதி தனியே வந்துவிடும். அதற்கு மேலே உடலின் அடியை மூடியிருந்த மரையிட்ட வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் இருந்தன. இரண்டு முனை கொண்ட ஸ்பேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சர்க்கிளிப் பிளையரின் முனைகளை அந்தத் துளைகளில் பொருத்தித் திருப்பலாம், முனை நழுவினால் மட்டும் வளையத்தில் கீறல் விழும். பெரிய இறுக்குக் குமிழை அதன் திருகோடு வெளியே இழுத்த பிறகு, சாய்வு முகம் கொண்ட ஓர் ஆப்பு, பந்தைக் கீழிருந்து தாங்கும் கிண்ணம், கடைசியாகப் பந்து என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வந்து விழுந்தன. குமிழைத் திருகும்போது ஆப்பு உள்ளே நகர்கிறது, அதன் சாய்வு கிண்ணத்தை மேலே தள்ளுகிறது, கிண்ணம் பந்தை மேல்வாயில் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் மீது அழுத்துகிறது. பூட்டு என்று நாம் சொல்வது இவ்வளவுதான்.

பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த மேல்வளையம். உள்முகத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு வட்டவட்டமாகக் கோடுகள். இரண்டு இடங்களில் மணல் துகள் பிளாஸ்டிக்கிலேயே புதைந்திருந்தது. பந்தின் மீது அதற்கு நேராக மெல்லிய, பளபளக்கும் வளையக் கீறல்கள். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் 7, அலுமினியத்துக்கு 3-ஐக்கூட எட்டாது. பந்தின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சு (மின்முறையில் அலுமினியத்தின் மேல் உண்டாக்கும் ஆக்சைடுப் படலம்) கடினமானதுதான் என்றாலும் சில மைக்ரான்களில் அளக்கும் கனமே கொண்டது. பழைய கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாணை பிடிக்கும் பசை போல ஆகிவிட்டிருந்தது. பந்தைச் சுழற்றும்போதெல்லாம் கேட்ட நறநறப்புக்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, கிளாம்பின் எம்6 திருகு. சாவியை வைத்ததுமே எதிர்ப்பின்றித் திரும்பியது. அந்த மரைகளில் திருகு தளராதிருக்கத் தயாரிப்பின்போது போட்ட நீல நிறப் பசை தூளாகி உதிர்ந்திருந்தது. கேமராவைச் செங்குத்தாகச் சாய்க்கும்போது லென்ஸின் எடை கிளாம்பைத் தண்டின் மீதே திருப்பப் பார்க்கும். அந்தத் திருகு ஒரு மயிரிழை தளர்ந்தாலும் பந்து அசையாதிருக்க, கேமரா மட்டும் மெல்லச் சரியும். பந்து வழுக்குகிறது என்று பலர் நினைத்து இறுக்குக் குமிழை இன்னும் முறுக்கிக்கொண்டிருப்பது உண்மையில் இந்தத் திருகின் தளர்ச்சியாகவே இருக்கும். பந்துத் தலை சரிகிறது என்று யார் சொன்னாலும், வேறு எதையும் தொடுவதற்கு முன் கிளாம்பைக் கழற்றி இந்தத் திருகைப் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது, உப்பின் வேலை. கிடைமட்டச் சுழற்சியைப் பூட்டும் சிறு குமிழின் எஃகுத் திருகு அலுமினிய உடலில் இறுகிப்போய், சுற்றிலும் வெண்மையான மாவு பூத்திருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்பு நீரின் முன்னிலையில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் எளிதில் அரிபடுவது அலுமினியம்தான். அரிப்பில் உண்டாகும் அந்த வெண்பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் மரையைக் கவ்விக்கொள்கிறது. இத்தகைய திருகைப் பிளையரால் முறுக்கினால் தலை முறிந்து உடல் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் வைத்திருந்து, மறுநாள் முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் உடலைச் சூடாக்கினேன். சூடேறும்போது அலுமினியம் சாதாரண எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். துளை சற்றே அகன்று திருகை விடும். முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக அசைத்ததில் முழுதாக வெளியே வந்துவிட்டது.

துப்புரவுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். அசிட்டோனை அருகில் கொண்டுவரக் கூடாது. குமிழ்களிலும் குமிழிமட்டத்திலும் உள்ள சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும். துருவைத் தளர்த்தும் தெளிப்பு எண்ணெயைப் பந்தின் மீது அடிக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அடித்த உடனே பந்து வெண்ணெயாகச் சுழல்வதால் வேலை முடிந்ததாகத் தோன்றும். உள்ளே அது பழைய கிரீஸைக் கரைத்துப் பிடிமானப் பரப்புகளுக்குப் பரப்பி, போதாததற்கு மணலையும் வரவேற்கும். பிரித்துத் துடைப்பதற்கு அது ஒருபோதும் ஈடாகாது.

பந்தின் கீறல்களை நான் சீர்செய்யவில்லை. உப்புத் தாளால் தேய்த்தால் கீறல் போகும், ஆனோடைஸ் பூச்சும் சேர்ந்து போகும். அதன் பிறகு மென்மையான அலுமினியம் நேரடியாக உரசும். விளிம்பு துருத்திக்கொண்டிருந்த இடங்களை மட்டும் நகத்தால் தடவிப் பார்த்து, மரக்குச்சியால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். வளையத்தை மாற்றுவது என்று தீர்மானித்தேன். இந்தத் தலையைச் செய்த நிறுவனம் உதிரி பாகம் விற்பதில்லை. எனவே கணபதிப் பக்கத்தில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் பழைய வளையத்தையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பம்ப்புக்கும் மோட்டாருக்கும் புஷ் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் கோவையில் தெருவுக்குத் தெரு இருப்பது இந்த ஊரில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வாய்த்த ஒரு நல்வாய்ப்பு.

எந்தப் பிளாஸ்டிக் என்பது முக்கியம். பட்டறையில் நைலான் தடியும் இருந்தது, டெல்ரின் என்று வழங்கும் அசிட்டால் தடியும் இருந்தது. இரண்டும் வெண்மை, கையில் எடுத்தால் வேறுபாடு தெரியாது. நைலான் 6 நீரில் முழுமையாக ஊறினால் தன் எடையில் 8 சதவீதத்துக்கும் மேல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அசிட்டால் வாங்குவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஈரம் வாங்கிய நைலான் உப்பி அளவு மாறும். மலைப்பகுதியில் மழைக்காலத்தில் சில மலிவான தலைகள் திடீரென்று இறுகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க இடமுண்டு. ஆகவே டெல்ரினையே கேட்டேன். வளையத்தின் உள்முகத்தைப் பந்தின் வளைவுக்கு ஏற்பக் குழிவாகக் கடைய வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பட்டறைக்காரர் பந்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "ரேடியஸ் எதுக்குங்க, 45 டிகிரி சாய்வு போட்டுக்கலாமுங்க, பந்து தானா உக்காந்துக்கும்" என்றார். "தேஞ்சு போகாதுங்களாண்ணா?" என்று கேட்டேன். "மொதல்ல கோடு மாதிரித்தான் தொடுமுங்க, நாலு நாள் சுத்துனா பட்டையாயிருமுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 18 மி.மீ. ஆரமுள்ள பந்தை 45 பாகைச் சாய்வு தொடும் இடம் ஏறத்தாழ 25 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு வட்டம். அழுத்தம் படப்பட அந்த வட்டக்கோடு அகன்று பந்தின் வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். துல்லியமான குழிவைக் கடைய முயன்று அது ஓரத்தில் மட்டும் தொடுமாறு அமைந்துவிடுவதைவிட இது பாதுகாப்பானது. வெளி அளவை வெர்னியரால் சரிபார்த்து வாங்கிவந்து, செங்குத்துப் படத்துக்காகத் தண்டு விழும் பள்ளத்துக்கு நேரே வளையத்தில் ஓர் இடைவெளியைச் சிறு ரம்பத்தால் வெட்டி, விளிம்புகளைப் பிளேடால் மழுக்கிப் பொருத்தினேன்.

திரும்பப் பூட்டும்போது கிரீஸ் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். குமிழ்த் திருகின் மரைகளிலும் ஆப்பின் சாய்வு முகத்திலும் லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினேன். அங்கே உராய்வு குறைந்தால் நம் கையின் முறுக்கு முழுவதும் அழுத்தமாக மாறும். கிடைமட்டச் சுழற்சிக்கு மெதுவான, கனமான அசைவு வேண்டும் என்பதால் கெட்டியான சிலிக்கோன் கிரீஸ். பந்தில் எதையும் தடவவில்லை. சில தலைகள் தொழிற்சாலையிலேயே பந்துக்குச் சிறிது கிரீஸ் இட்டு வருவதுண்டு. ஆனால் மணல் நிறைந்த இடங்களுக்குப் போகிற தலையில் வறண்ட பந்தே மேல் என்பது என் தீர்மானம். கிளாம்ப் திருகையும் அதன் துளையையும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, லாக்டைட் 243 என்ற நீல நிற நடுத்தரப் பிடிமானப் பசையை ஒரே சொட்டு விட்டு இறுக்கி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைத்தேன். சிவப்பு நிறப் பசை இன்னும் வலுவானது என்று அதை வாங்குபவர்கள் உண்டு. அதை மறுபடி கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். தண்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் அந்தச் சூட்டைத் தாங்காது.

சீரானதா என்பதைக் கையால் அசைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். தலையை முக்காலியில் வைக்காமல் மேசை வைஸில் இறுக்கிப் பிடித்தேன். முக்காலிக் கால்களின் நெளிவு இதில் கலந்துவிடக் கூடாது. கிளாம்பில் ஓர் அலுமினியப் பட்டையைப் பிடித்து, பந்தின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். இது பந்தின் மீது ஏறத்தாழ 3 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தை உண்டாக்கும். இரண்டரைக் கிலோ கேமராவைச் செங்குத்தாகச் சாய்த்து, அதன் எடை பந்தின் மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி நின்றால் வரும் முறுக்கமும் அதே அளவுதான். பட்டையின் வளைவும் கணக்கில் சேராதபடி லேசர் சுட்டியைக் கிளாம்பின் மீதே ஒட்டி, ஒளிப்புள்ளி 3.44 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் விழுமாறு வைத்தேன். அந்தத் தொலைவில் 1 மி.மீ. நகர்வு என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 36 மி.மீ. அகல உணரியில் 6000 படப்புள்ளிகள் கொண்ட கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், அந்த அறுபதில் ஒரு பங்கு ஏறத்தாழ 10 படப்புள்ளிகளின் நகர்வாகத் தெரியும். அதாவது சுவரில் 1 மி.மீ. என்பது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று.

இந்தச் சோதனையில் மூன்று வகை அசைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குமிழை இறுக்கும் அந்தக் கணத்தில் புள்ளி துள்ளி நகர்ந்தால், அது ஆப்பும் கிண்ணமும் பந்தை ஒருபக்கமாகத் தள்ளுவதால் வருவது. பூவையோ பூச்சியையோ மிக அருகில் படமெடுப்பவரை எரிச்சலூட்டுவது இதுவே. பாட்டிலைத் தொங்கவிட்டதும் புள்ளி இறங்கி, பாட்டிலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் அது உலோகத்தின் மீள்தன்மை. எல்லாத் தலைகளிலும் கொஞ்சம் இருக்கும். பாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புள்ளி நிற்காமல் இறங்கிக்கொண்டே போய், எடுத்த பிறகும் திரும்பவில்லை என்றால்தான் வழுக்கல். பிரிப்பதற்கு முன் என் தலையில் மூன்றாவது வகை அப்பட்டமாகத் தெரிந்தது. புள்ளி கண்ணெதிரே நகர்ந்தது. புதிய வளையம் போட்ட பிறகு இறக்கம் இரண்டு மி.மீ. அளவில் நின்று, பாட்டிலை எடுத்ததும் பெரும்பாலும் திரும்பியது. ஆனால் இறுக்கும்போது வரும் துள்ளல் குறையவில்லை. ஆப்பு ஒரே பக்கத்திலிருந்து தள்ளும் அமைப்பில் அது இருக்கத்தான் செய்யும். வளையத்தை மாற்றினால் போகிற குறை அன்று.

அடுத்த தலையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இந்த அளவீடு நேராக வழிகாட்டியது. உராய்வுப் பிடிப்பின் முறுக்கத் திறன், அழுத்தத்தையும் உராய்வுத் தன்மையையும் பந்தின் ஆரத்தையும் பொறுத்தது. முதலிரண்டும் ஒன்றாக இருக்கும்போது, 36 மி.மீ. பந்தைவிட 44 மி.மீ. பந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும், 54 மி.மீ. பந்து ஒன்றரை மடங்கு பிடிக்கும். அதே பிடிப்புக்குப் பெரிய பந்தில் குமிழைக் குறைவாக முறுக்கினால் போதும், குறைவாக முறுக்கப்படும் மரையும் வளையமும் அதிக நாள் உழைக்கும். ஆகவே பெட்டியின் மேலுள்ள கிலோக் கணக்கைவிடப் பந்தின் மி.மீ. கணக்கு எனக்கு நம்பகமாகத் தெரிகிறது. அதோடு, கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப எல் வடிவப் பிளேட் ஒன்றைப் பொருத்திவிட்டால் எடை எப்போதும் பந்துக்கு நேர் மேலேயே நிற்கும், 12 செ.மீ. நெம்புகோலே இல்லாமல் போகும். தலையை மாற்றக் காசில்லாதவர் முதலில் வாங்க வேண்டியது அந்தப் பிளேட்டைத்தான்.

பந்துத் தலைதான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. நண்பர் ஒருவரின் பழைய மூன்று கைப்பிடித் தலையை இரவல் வாங்கி அதையும் பிரித்தேன். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியாக ஒரு தண்டு, ஒரு தேய்மானத் தட்டு, ஒரு வில், ஒரு நட்டு. மூடுமந்திரம் எதுவும் இல்லை. ஓர் அச்சைத் தளர்த்தினாலும் மற்ற இரண்டும் நிலை மாறாது என்பதால் கட்டடங்களுக்கும் கோயில் சிற்பங்களுக்கும் அது ஒப்பற்றது. தேய்மானத்தைப் பொறுத்தவரையில் பந்துத் தலையைவிட அதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் தேயும் பாகம் தட்டையானது, எந்தப் பட்டறையிலும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகள் புதரில் மாட்டும், பையில் இடிக்கும், பறவை திரும்புவதற்குள் மூன்றையும் தேடித் திருக நேரம் இருக்காது. பற்சக்கரத் தலைகள், எடுத்துக்காட்டாக மேன்ஃப்ரோட்டோ 410, நுணுக்கமான சரிப்படுத்தலுக்கு இன்னும் சிறந்தவை, ஆனால் அதன் 1.22 கிலோ எடையை மலையேற்றத்தில் சுமக்க நான் தயாராக இல்லை. 500, 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிம்பல் தலையே சரி. அதில் லென்ஸ் தன் எடைமையத்தில் சமநிலையாக நிற்பதால் உராய்வுப் பூட்டுக்கு வேலையே குறைவு. ஆகவே தேய்மானமும் குறைவு. என் லென்ஸ்கள் அவ்வளவு பெரியவை அல்ல. மீண்டும் பந்துத் தலைக்கே வந்தேன்.

கடையில் நான் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்வதைவிட, கடைக்காரர் பொறுமை இழந்த இடத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு தலையையும் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வழக்கமான அலென் திருகுகளோ துளையிட்ட வளையமோ இருந்தால் அதை மேசையின் ஒரு பக்கம் வைத்தேன். ஆணியடித்தோ ஒட்டியோ மூடியிருந்தால் மறுபக்கம். மறுபக்கம் போனவற்றில் விலை அதிகமானவையும் இருந்தன. அவை கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணல் புகுந்த அன்றே அவற்றின் ஆயுள் எண்ணப்பட்டுவிடும். நீண்ட காலம் உழைக்கும் தலை என்பதற்கு என் அளவுகோல், வீட்டில் உள்ள சாவிகளால் திறந்து துடைத்து மூட முடிகிறதா என்பதுதான். உதிரி பாகங்களைத் தனியே விற்கும் நிறுவனம் என்றால் கூடுதல் நிம்மதி. அமெரிக்காவின் ஆக்ராடெக் போன்ற சில நிறுவனங்கள் பந்தைச் சுற்றி உடலே இல்லாதபடி திறந்த அமைப்பில் செய்கின்றன. மணல் தங்க இடமில்லை, ஊதினால் போய்விடும். ஆர்கா-சுவிஸ் மோனோபால் வேறொரு வழியில் போகிறது: அதன் பந்து முழு உருண்டையன்று, சற்றே நீள்வட்டம், ஆகவே கேமரா சாயச் சாய உராய்வு தானாகக் கூடிச் சட்டென்று விழாமல் காக்கும். அழகான சிந்தனை. விலை என் கைக்கு எட்டவில்லை.

உராய்வைக் குறைந்தபட்ச அளவில் நிறுத்திவைக்கும் தனிக்குமிழ் இருக்கிறதா என்பது அடுத்தது. அது இருந்தால் பூட்டைத் திறந்ததும் கேமரா தலைகீழாகச் சாயாது. பதற்றத்தில் குமிழை வெறித்தனமாக முறுக்கும் பழக்கமும் நம்மைவிட்டுப் போகும். பெரிய குமிழின் நடுவிலேயே சிறு திருகாக அதை அமைத்திருப்பதைவிட, தனியாக இருப்பதே கையுறையோடும் ஈரக்கையோடும் பயன்படுத்த எளிது.

கிளாம்ப் விஷயத்தில் ஆர்கா வகையைத் தவிர வேறெதையும் இப்போது வாங்கக் காரணம் இல்லை. ஏறத்தாழ 38 மி.மீ. அகலமும் சரிந்த பக்கங்களும் கொண்ட அந்தப் பிளேட்டைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் எல்லாரையும் கட்டுப்படுத்தும் தர அளவு அதற்கு இல்லாததால், பிளேட்டுக்குப் பிளேட் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் வேறுபடும். நெம்புகோலால் பட்டென்று மூடும் கிளாம்ப் அந்த வேறுபாட்டைப் பொறுக்காது. ஒரு பிளேட்டுக்குத் தளரும், இன்னொன்றுக்கு மூடவே மூடாது. திருகுக் குமிழால் மூடும் கிளாம்ப் எதையும் பிடிக்கும், நேரம் மட்டும் சற்று அதிகம். நான் திருகையே எடுத்தேன். பிளேட்டின் இரு முனைகளிலும் நழுவாமல் தடுக்கும் சிறு ஆணிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்காலியோடு சேரும் இடம் இரண்டே மரைகளில் அடங்கும்: தலைக்கு அடியில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று, கேமராவுக்கு 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. ஐஎஸ்ஓ 1222 என்ற உலகத் தரம் இவற்றை வரையறுப்பதால் எந்த நாட்டுத் தலையும் எந்த நாட்டுக் காலிலும் ஏறும். நம் ஊர் இரும்புக்கடையில் கிடைக்கும் எம்6 போல்ட்டைக் கேமரா மரையில் திணிக்கக் கூடாது; சுற்று அளவே வேறு. கால் அங்குல விட்வொர்த் போல்ட் கிடைத்தால் அவசரத்துக்கு ஆகும். மரையின் கோணம் 60-க்குப் பதில் 55 பாகை என்றாலும் அங்குலத்துக்கு 20 சுற்று என்பது ஒன்றுதான். தலையின் அடித்துளையில் மரை அலுமினியத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறதா, எஃகுச் செருகல் உள்ளதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிக்கடி தலையை மாற்றுபவருக்கு எஃகுச் செருகல் வேண்டும். மரை போனால் அதே பட்டறையில் துளையைப் பெரிதாக்கி எஃகு புஷ் அடித்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

இறுதியில் வாங்கியது 44 மி.மீ. பந்தும், தனி உராய்வுக் குமிழும், திருகுக் கிளாம்பும் கொண்ட, அடியில் மூன்று அலென் திருகுகளால் மூடிய ஓர் அலுமினியத் தலை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதே பாட்டிலையும் லேசரையும் வைத்துப் பார்த்தேன்: இறக்கம் ஒரு மி.மீ.க்கும் குறைவாக நின்றது, இறுக்கும்போது வரும் துள்ளலும் பழையதில் பாதிதான். பிறகு கிளாம்ப் திருகைக் கழற்றி, தொழிற்சாலைப் பசை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததால் ஒரு சொட்டு நீலப் பசை விட்டு மூடினேன். எஃகுத் திருகுகள் அலுமினியத்தில் இறங்கும் இடங்களிலெல்லாம், இறுகிப்போவதைத் தடுக்கும் மசகை ஊசிமுனை அளவு தடவியாயிற்று. நீலப் பசை ஒட்ட வேண்டிய கிளாம்ப் திருகில் மட்டும் அந்த மசகு படக் கூடாது.

பழைய 36 மி.மீ. தலை இப்போது சிறிய முக்காலியில், ஒரு கிலோவுக்குள் அடங்கும் கேமராவோடு வேலை செய்கிறது. கடற்கரையிலிருந்து திரும்பினால் இரண்டு தலைகளையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பந்தின் கழுத்தைச் சுற்றி ரப்பர் பந்து ஊதியால் ஊதி, பூட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டே அலமாரியில் வைக்கிறேன். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக் வளையம் பந்தின் கீழ் அமுங்கி அந்த இடத்திலேயே பள்ளமாகிவிடும். எம்6 அளவில் சாய்தலைத் திருகுகள் நான்கும் 4 மி.மீ. அலென் சாவியும் சிறு டப்பாவில் கேமராப் பையிலேயே கிடக்கின்றன.